ரயில் விழாவில் பழைய நீராவி எஞ்சினை இயக்குவதும் காப்பதும்

அமெரிக்க ரயில் அருங்காட்சியகங்கள் கோடைகாலத்தில் நடத்தும் விழாக்களில் நீராவி எஞ்சின்களைக் கையாளுகிறவர்களில் பலர், வாரம் முழுவதும் வேறு வேலை பார்த்துவிட்டு விடுமுறையில் வந்து கரி அள்ளும் தன்னார்வலர்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பல்சக்கரப் பாதையில் ஏறும் நம்மூர் எஞ்சின்களைப் போல அவர்களுடைய எஞ்சின்கள் அன்றாடம் வேலைக்குப் போகிறவை அல்ல. ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே நெருப்பைக் காண்பவை. தினமும் ஓடும் எஞ்சினுக்கு ஷெட்டின் பழக்கமே பாதி பாதுகாப்பு. எப்போதாவது ஓடும் எஞ்சினுக்கு அந்தப் பழக்கம் இல்லாததால், எழுதிவைத்த நடைமுறையைக் கொண்டுதான் அதை ஈடுகட்ட முடியும். அந்த நடைமுறை எப்படி இருக்க வேண்டும் என்பதை, மிச்சிகன் மாநிலத்தின் ஒவோசோ நகரில் ஸ்டீம் ரெயில்ரோடிங் இன்ஸ்டிடியூட் பராமரித்துவரும் பியர் மார்க்கெட் 1225 எஞ்சினை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு இங்கே விளக்குகிறேன். 1941இல் ஒஹையோவின் லைமா தொழிற்சாலையில் கட்டப்பட்ட இந்த எஞ்சின், கரியும் நீரும் சுமக்கும் பின்வண்டியான டெண்டருடன் சேர்த்து ஏறத்தாழ 3,64,000 கிலோ எடை கொண்டது. கொதிகலனின் வேலை அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 245 பவுண்டு. 2009 ஜூலையில் ஒவோசோவில் நடந்த பெரிய ரயில் திருவிழாவில் இதனுடன் ஓரிகன் மாநிலத்திலிருந்து சதர்ன் பசிபிக் 4449உம், இந்தியானாவின் ஃபோர்ட் வெய்னிலிருந்து நிக்கல் பிளேட் 765உம் வந்து நின்றன.

நாள் கணக்கும் வெப்பக் கணக்கும்

1999இல் திருத்தப்பட்டு 2000 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அமெரிக்கக் கூட்டாட்சி விதிகளின்படி, நெருப்புப்பெட்டியில் நெருப்பும் கொதிகலனில் வளிமண்டலத்தைவிடக் கூடுதலான அழுத்தமும் இருக்கும் ஒவ்வொரு நாளும் ஒரு சேவை நாளாகக் கணக்கிடப்படும். பெட்டிகளை இழுத்துக்கொண்டு நூறு மைல் ஓடினாலும், ஷெட் வாசலில் நின்று குழந்தைகளுக்கு விசில் அடித்துக் காட்டினாலும் கணக்கில் ஒரே ஒரு நாள்தான். இப்படி 1472 சேவை நாள்களோ 15 ஆண்டுகளோ, இரண்டில் எது முன்னதாக முடிகிறதோ அப்போது, குழாய்களைக் கழற்றி, வெப்பக்காப்பு உறையை உரித்து, கொதிகலனை உள்ளும் புறமும் முழுமையாக ஆய்வு செய்தாக வேண்டும். அதற்கிடையில் 31 சேவை நாளுக்கு ஒருமுறையும், 92 சேவை நாளுக்கு ஒருமுறையும், 368 நாள்காட்டி நாள்களுக்கு ஒருமுறையும் படிப்படியாகக் கடுமையாகும் ஆய்வுகள் உண்டு.

இந்த எண்ணைப் பார்த்ததும் பல குழுக்கள் சேவை நாள்களைச் சிக்கனமாகச் செலவழிக்க முனைகின்றன. என் கருத்தில் இது தவறான சிக்கனம். ஆண்டுக்கு 30 நாள் ஓடும் எஞ்சின் 15 ஆண்டில் 450 நாள்களைத்தான் தொடும். மீதி ஆயிரத்துச் சொச்சம் நாள்கள் யாருக்கும் பயன்படாமல் காலாவதியாகும். உண்மையில் கொதிகலனைத் தேய்ப்பது அது சூடாக இருக்கும் நாள்களைவிட, குளிர்ந்த நிலையிலிருந்து சூடாகி மீண்டும் குளிரும் ஒவ்வொரு சுற்றும்தான். நெருப்புப்பெட்டித் தகடு, வெளித்தகடு, குழாய்கள் ஆகிய மூன்றும் ஒரே வேகத்தில் விரிவதில்லை. அந்த வேறுபாட்டை, உள்தகட்டையும் வெளித்தகட்டையும் பிணைக்கும் கம்பிகளான ஸ்டே போல்ட்டுகளும் குழாய்களின் விளிம்புகளும் வளைந்தும் நெகிழ்ந்தும் தாங்குகின்றன. ஆகவே விழாவைத் திட்டமிடும்போது வெள்ளிக்கிழமை காட்சி, பிறகு அணைப்பு, அடுத்த வாரம் மீண்டும் மூட்டல் என்று சிதறடிக்காமல், ஒருமுறை மூட்டிய நெருப்பை எல்லா நிகழ்ச்சிகளும் முடியும்வரை அணையாமல் வைத்திருக்கும்படி நிகழ்ச்சி நிரலை அடுக்குவது நல்லது. நான்கு நாள் தொடர்ந்து சூடாக இருப்பது இரண்டு வார இறுதிகளில் இரண்டு முறை மூட்டுவதைவிடக் கொதிகலனுக்கு இதமானது.

பொது ரயில் வலையமைப்போடு தொடர்பில்லாத, தன் வளாகத்துக்குள் மட்டுமே ஓடும் சில அருங்காட்சியக ரயில்கள் இந்தக் கூட்டாட்சி விதிகளுக்குள் வருவதில்லை. அவற்றுக்கு அந்தந்த மாநிலத்தின் கொதிகலன் சட்டம் பொருந்தும். எந்தச் சட்டம் பொருந்தினாலும் கீழ்க்கண்ட வேலைகளில் எதையும் விட்டுவிட இடமில்லை.

விழாவுக்கு முந்தைய மாதங்கள்

ஆண்டு ஆய்வில் கொதிகலனை நீரால் நிரப்பி, வேலை அழுத்தத்தைவிட 25 விழுக்காடு கூடுதலான அழுத்தத்துக்கு உட்படுத்த வேண்டும். 1225ஐப் பொறுத்தவரை இது சுமார் 306 பவுண்டு. குளிர்ந்த எஃகு எளிதில் முறியக்கூடியது என்பதால் இந்தச் சோதனையின்போது கொதிகலனின் உலோகம் 60 முதல் 120 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் இருக்க வேண்டும். மிச்சிகன் வசந்தத்தில் தண்ணீரைச் சூடாக்கித்தான் நிரப்ப வேண்டியிருக்கும். தகடுகளின் தடிமனை மீயொலிக் கருவியால் சுமார் ஓர் அடிக் கட்டங்களாக அளந்து, முந்தைய அளவீட்டோடு ஒப்பிட்டு எழுதிவைப்பது முழு ஆய்வின் பகுதி. ஆனால் நெருப்புப்பெட்டியின் அடிப்பகுதி, கழுவுதுளைகளைச் சுற்றிய பகுதி போன்ற, அரிப்புக்குப் பேர்போன இடங்களை ஆண்டுதோறும் அளப்பது அறிவுடைமை.

ஸ்டே போல்ட்டுகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நெருப்புப்பெட்டியின் உள்தகட்டையும் வெளித்தகட்டையும் பிணைத்து நிறுத்தும் இந்தக் கம்பிகள் ஒரு பெரிய எஞ்சினில் ஆயிரக்கணக்கில் இருக்கும். குட்டையானவற்றின் வெளிமுனையில் ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிக ஆழத்தில் மெல்லிய துளை ஒன்று இடப்பட்டிருக்கும். கம்பி உள்ளே விரிசல் விட்டால், அந்தத் துளை வழியாக நீராவி கசிந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். எஞ்சின் குளிர்ந்த பிறகு டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால், கசிந்த துளையிலிருந்து கீழ்நோக்கி வெள்ளை உப்புக் கோடு ஒன்று வடிந்து காய்ந்திருப்பது தெரியும். அந்தத் துளையை அடைப்பது நோயாளியின் வாயைக் கட்டிவிட்டு வலியில்லை என்று எழுதுவதற்கு ஒப்பானது. கம்பியைத்தான் மாற்ற வேண்டும். துளைகள் துருவாலோ வண்ணப்பூச்சாலோ அடைபடாமல் திறந்திருக்க வேண்டும் என்பதை விழாவுக்கு முன் மெருகேற்றும் குழுவுக்கும் சொல்லிவைக்க வேண்டும், ஏனெனில் கருப்பு வண்ணத்தைத் தாராளமாகப் பூசுகிறவர்கள் அவர்கள்தாம். துளையில்லாத நீண்ட கம்பிகளைச் சுத்தியலால் தட்டி ஒலியைக் கேட்டுச் சோதிப்பது பழைய முறை. முழுக் கம்பி கணீரென்று ஒலிக்கும், முறிந்தது மந்தமாக ஒலிக்கும். இந்தக் காது பழகுவதற்கு ஆண்டுகள் ஆகும் என்பதால், தட்டத் தெரிந்த மூத்தவரோடு இளையவர் ஒருவரை எப்போதும் சேர்த்து அனுப்புவது அவசியம்.

மாற்றுப் பொருள்களின் தரச்சான்றுகளைத் தூக்கியெறியாமல் கோப்பில் சேர்த்துவையுங்கள். யூனியன் பசிபிக் நிறுவனத்தின் 844 எஞ்சின் 1999 ஜூனில் கலிபோர்னியாவின் சாக்ரமென்டோவில் ஒரு ரயில் விழாவுக்குச் சென்றிருந்தபோது அதன் கொதிகலன் குழாய்கள் செயலிழந்தன. 1996 பழுதுபார்ப்பில் பொருத்தப்பட்டவை தவறான உலோகத்தால் ஆனவை என்பது காரணம். அது மீண்டும் ஓட 2004 நவம்பர் வரை ஆனது. இத்தனைக்கும் அது நாட்டின் மிகப்பெரிய ரயில் நிறுவனங்களுள் ஒன்று பேணும் எஞ்சின். நன்கொடையாக வரும் குழாய்க் கட்டை நம்பி நன்றிக் கடிதம் எழுதும் சிறிய குழுக்கள் இதை நினைவில் கொள்ளட்டும்.

நீர்மட்டக் கண்ணாடி

நெருப்புப்பெட்டியின் மேல்தகடு எந்நேரமும் நீரால் மூடப்பட்டிருக்க வேண்டும் என்பதே நீராவி எஞ்சின் இயக்கத்தின் முதல் விதி. மற்ற விதிகளில் பாதி இதைக் காப்பாற்றவே எழுதப்பட்டவை. 245 பவுண்டு அழுத்தத்தில் நீரின் வெப்பநிலை சுமார் 405 டிகிரி ஃபாரன்ஹீட். தகடு கிழிந்து அழுத்தம் இறங்கும் கணத்தில் அந்த நீரின் ஒரு பகுதி நொடிப்பொழுதில் ஆவியாகிப் பல நூறு மடங்கு விரியும்.

1995 ஜூன் 16 அன்று பென்சில்வேனியாவில் கெட்டிஸ்பர்க் சுற்றுலா ரயிலின் 1278 எஞ்சினில் நீர்மட்டம் தாழ்ந்து, மேல்தகடு பழுக்கக் காய்ந்து தோல்வியடைந்தது. எஞ்சினில் இருந்த மூவர் தீக்காயமடைந்தனர். ஸ்டே போல்ட்டுகளின் அமைப்பினால் தகடு ஒரேயடியாகப் பிய்ந்துபோகாமல் படிப்படியாகக் கிழிந்ததால்தான் கொதிகலன் முழுவதுமாக வெடிக்கவில்லை. தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தபோது, நீர்மட்டக் கண்ணாடியின் இணைப்பில் படிவு அடைத்திருந்ததும், பராமரிப்பும் ஊழியர் பயிற்சியும் போதாமல் இருந்ததும் வெளிப்பட்டன. மேலே குறிப்பிட்ட புதிய விதிகள் உருவானதில் இந்த விபத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 2001 ஜூலை 29 அன்று ஒஹையோவின் மெடினா மாவட்டப் பொருட்காட்சித் திடலுக்கு வந்த நீராவி டிராக்டர் ஒன்று நீர் குறைந்து வெடித்து ஐந்து பேர் இறந்தனர். அதன்பின் அம்மாநிலம் வரலாற்றுக் கொதிகலன்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. இரண்டாவது விபத்து நடந்தது மக்கள் கூடும் திடலில் என்பதை விழா நடத்துகிறவர்கள் மறக்கலாகாது.

விதிப்படி இரண்டு நீர்மட்டக் கண்ணாடிகள் இருக்க வேண்டும். அவற்றில் தெரியும் மிகத் தாழ்ந்த அளவு, மேல்தகட்டின் உச்சியைவிடக் குறைந்தது மூன்று அங்குலம் மேலே இருக்க வேண்டும். ஆனால் கண்ணாடியில் நீர் தெரிகிறது என்பதற்காகக் கொதிகலனில் அந்த அளவு நீர் இருப்பதாக ஆகிவிடாது. ஒவ்வொரு நாள் காலையிலும், ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் கண்ணாடியை ஊதிச் சோதிக்க வேண்டும். முதலில் மேலிருக்கும் நீராவி வால்வை அடைத்துவிட்டு அடிக்குழாயைத் திறந்தால் நீர்வழி சுத்தமாக இருக்கிறதா என்பது தெரியும். பிறகு நீர் வால்வை அடைத்து நீராவி வழியை அதேபோலப் பார்க்க வேண்டும். இரண்டையும் திறந்து அடிக்குழாயை மூடியதும் நீர் துள்ளியெழுந்து, சற்று ஆடி நிலைகொள்ள வேண்டும். சோம்பலாக ஊர்ந்து ஏறினால் எங்கோ பாதி அடைப்பு இருக்கிறது. அந்த எஞ்சின் அன்று ஷெட்டை விட்டு நகரக் கூடாது. ஓடும் எஞ்சினில் நீர்மட்டம் ஆடிக்கொண்டே இருப்பது இயல்பு. ஆடாமல் நிற்கும் மட்டத்தைக் கண்டுதான், நெருப்பையும் நீரையும் கவனிக்கும் ஃபயர்மேன் அஞ்ச வேண்டும். 31 சேவை நாள் ஆய்வில் இந்த இணைப்பு வழிகளைக் கழற்றி, உள்ளே கம்பி செலுத்திச் சுத்தம் செய்வதைக் கண்ணால் பார்த்தவர் கையெழுத்திடட்டும்.

இரண்டு கண்ணாடிகளிலும் நீர் காணப்படாமல், மட்டம் எங்கே என்று உறுதியாகச் சொல்ல முடியாத நிலை ஏற்பட்டால், கொதிகலனுக்குள் நீரைச் செலுத்தும் இன்ஜெக்டரைத் திறந்து சமாளித்துவிடலாம் என்று முயல வேண்டாம். நெருப்புக்குக் காற்றை இழுக்கும் புளோயரை நிறுத்தி, காற்று நுழையும் வாயில்களான டேம்பர்களை அடைத்து, ஈரமான கரித்தூளை நெருப்பின் மேல் கொட்டி அடக்கிவிட்டு, எல்லோரையும் தூரமாக அப்புறப்படுத்துவதே வழி. விழா கெட்டுவிடும் என்ற எண்ணம் அந்த நேரத்தில் யாருக்கும் வரக் கூடாது என்பதற்காக, நெருப்பை அடக்கும் அதிகாரம் ஃபயர்மேனுக்குத் தனியாகவே உண்டு என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுவது சிறந்தது.

தண்ணீர்

1225இன் டெண்டர் 22,000 கேலன் நீரைக் கொள்ளும். பெரும்பாலும் அது தெரு ஓரத் தீயணைப்புக் குழாயிலிருந்தோ தீயணைப்புத் துறையின் வண்டியிலிருந்தோ நிரப்பப்படுகிறது. வெளியூர் விழா என்றால் அங்குள்ள நீரின் கடினத்தன்மையை முன்கூட்டியே சோதித்து, காரத்தன்மைக்கும் கரைந்த ஆக்சிஜனை அகற்றுவதற்கும் நுரை எழாமல் தடுப்பதற்கும் வேண்டிய மருந்துகளின் அளவைத் தீர்மானிக்க வேண்டும். காரத்தன்மை குறைந்தால் தகடு அரிக்கும். கரைந்த உப்புகள் மிகுந்தால் நீர் நுரைத்து நீராவியோடு சேர்ந்து சிலிண்டருக்குப் போகும். அர்ஜென்டினப் பொறியாளர் லிவியோ தாந்தே போர்த்தா, உயர்ந்த காரத்தன்மையையும் நுரையடக்கியையும் இணைத்து உருவாக்கிய நீர்ப்பண்டுவ முறையின் வழிவந்தவற்றை இன்று பல பாரம்பரிய ரயில்கள் பின்பற்றுகின்றன. எந்த முறையானாலும் ஒரு நாளைக்கு ஒருமுறையாவது கொதிகலன் நீரை எடுத்துக் குளிரவைத்துச் சோதித்து, முடிவைப் பதிவேட்டில் எழுதி, அதற்கேற்ப அடிநீரை வெளியேற்ற வேண்டும்.

மூட்டுதல்

குளிர்ந்த கொதிகலனை மூட்டுவதற்கு ஒரு முழு நாளாவது ஒதுக்குங்கள். அதற்கும் மேல் எடுத்துக்கொண்டால் தவறில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு விழா என்றால் முந்தைய நாள் விடியற்காலையில் தொடங்க வேண்டும். முடிந்தால் வெதுவெதுப்பான நீரையே நிரப்புங்கள். நீர் கொதிநிலை தாண்டி வேலை வெப்பநிலையை அடைவதற்குள் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு விரியும் என்பதால், குளிர்ந்த நிலையில் கண்ணாடியின் கீழ்ப்பாதிக்குள் நீர் தெரிந்தால் போதும்.

முதலில் விறகுதான். ஈரமில்லாத கட்டைகளை, நெருப்பைத் தாங்கும் இரும்புச் சட்டமான தட்டியின் மேல் பரப்பிச் சிறு நெருப்பாக வைத்து, பல மணி நேரம் அப்படியே விட வேண்டும். மேல்பகுதி சூடாகி, அடியில் நீர் குளிர்ந்தே கிடக்கும் என்பதால் அடித்தகட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பது பயனுள்ளது. வெளியிலிருந்து அழுத்தக் காற்றோ நீராவியோ தந்து புளோயரைப் போட்டு நெருப்பை விரட்டும் ஆசை இந்த நேரத்தில்தான் எல்லோருக்கும் வரும். அதற்கு இடங்கொடுக்காதீர்கள். நெருப்புப்பெட்டித் தகடு ஒரு பக்கம் சூடாகி விரிய முயல, வெளித்தகடு குளிர்ந்து இறுகி நிற்க, நடுவில் சிக்கும் ஸ்டே போல்ட்டுகள் அப்போதுதான் முறியத் தொடங்குகின்றன. அழுத்தம் எழத் தொடங்கிய பிறகு கரியைச் சிறிது சிறிதாக ஓரங்களிலிருந்து சேர்த்து, தட்டி முழுவதும் மெல்லிய, சமமான, வெள்ளையாக ஒளிரும் படுக்கையாக்க வேண்டும். 1225இன் தட்டி சுமார் 90 சதுர அடி. ஓடும்போது இயந்திர ஸ்டோக்கர் கரி ஊட்டினாலும் மூட்டும்போதும் நிற்கும்போதும் கையால் அள்ளிப் போடுவதே நல்லது.

அழுத்தம் ஏறும் நேரம் சும்மா இருக்கும் நேரமல்ல. பெட்டி அச்சுகளுக்கும் இணைப்புக் கம்பிகளுக்கும் எண்ணெயும் கிரீஸும் இட வேண்டும்; சிலிண்டருக்கான எண்ணெய் வேறு, அச்சுக்கான எண்ணெய் வேறு, இரண்டையும் ஒரே நிறக் குவளையில் வைக்கக் கூடாது. இரண்டு நீரூட்டும் கருவிகளையும் தனித்தனியாக இயக்கிப் பார்க்க வேண்டும். விதிப்படி அவற்றில் ஒன்றாவது நேரடி நீராவியால் இயங்கும் இன்ஜெக்டராக இருக்க வேண்டும். பாதுகாப்பு வால்வுகள் அனுமதிக்கப்பட்ட அழுத்தத்துக்கு மேல் 6 பவுண்டைத் தாண்டாமல் திறக்கின்றனவா என்பதை அழுத்தமானியில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். சிலிண்டர் வடிகுழாய்களைத் திறந்து வைத்துக்கொண்டுதான் முதன்முதலாக எஞ்சினை நகர்த்த வேண்டும். உள்ளே தேங்கிய நீர் வெளியேற வழியின்றிப் பிஸ்டனுக்கு முன் சிக்கினால் சிலிண்டர் மூடியே உடையும்.

திடலில் நிற்கும் எஞ்சின்

நெடுந்தொலைவு ஓடும் எஞ்சினைவிட, நின்றும் நகர்ந்தும் நாள் முழுவதும் காட்சி தரும் எஞ்சினைக் கையாளுவதே கடினம். ஓட்டத்தில் நெருப்புக்கும் நீருக்கும் ஓர் ஒழுங்கு இருக்கும். திடலிலோ பத்து நிமிடம் நிற்க வேண்டும், ஐந்து நிமிடம் நகர வேண்டும், பிறகு உரை முடியும்வரை மீண்டும் நிற்க வேண்டும். நெருப்பு மிஞ்சிப் பாதுகாப்பு வால்வு வெடித்தெழும். அது கரியும் நீரும் வீணாவது ஒருபுறம், அருகில் நிற்கும் குழந்தையின் காதுக்குக் கேடு மறுபுறம். வால்வு எழுவதற்குச் சில பவுண்டு முன்னதாகவே இன்ஜெக்டரைத் திறந்து குளிர்ந்த நீரை ஏற்றி அழுத்தத்தைத் தடுத்து நிறுத்துவதற்கு, கண்ணாடியில் எப்போதும் கொஞ்சம் இடம் விட்டு வைத்திருக்க வேண்டும்.

நிறுத்தும் தண்டவாளம் சமமாக இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். எஞ்சின் மூக்கை உயர்த்தி நின்றால் நீர் பின்பக்கம் சாய்ந்து, கண்ணாடி உண்மையைவிட அதிகம் காட்டும். ஏற்றத்தைத் தாண்டி இறக்கத்தில் இறங்கும் கணத்தில் அந்த அதிகம் மறைந்துபோகும். நிற்கும்போது சிலிண்டருக்கு நீராவி விடும் வால்வை மூடி, ஓடும் திசையை மாற்றும் ரிவர்சரை நடுவில் வைத்து, சிலிண்டர் வடிகுழாய்களைத் திறந்து, பிரேக் பிடித்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். எஞ்சினுக்கு அடியில் ஆள் இருக்கும் நேரத்தில் நீலக் கொடி தொங்க வேண்டும். அதைத் தொங்கவிட்டவரைத் தவிர வேறு யாரும் எடுக்கக் கூடாது. நெருப்பு இருக்கும்வரை தகுதியுள்ள ஒருவர் கேபினில் இருந்தே ஆக வேண்டும். இதற்கு விதிவிலக்கு வேண்டாம்.

பார்வையாளர்களைக் கேபினுக்குள் ஏற்றுவதை நான் எதிர்க்கவில்லை, அதற்காகத்தான் பலர் வருகிறார்கள். ஆனால் விளக்கம் சொல்லும் ஆள் வேறு, ஃபயர்மேன் வேறாக இருக்க வேண்டும். கேள்விக்குப் பதில் சொல்லத் திரும்பும் ஃபயர்மேனின் முதுகு கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஏணியில் ஒருவர், உள்ளே விளக்குபவர் ஒருவர், வெளியே வரிசையைக் கவனிப்பவர் ஒருவர் என்று மூவரை இதற்கென்றே நியமியுங்கள். எஞ்சின் நகரும் முன் மணியடித்து, இருபுறமும் தடுப்புக் கயிற்றுக்கு அப்பால் மக்கள் இருப்பதைத் தரையில் நிற்கும் ஆள் உறுதிசெய்த பிறகே சிலிண்டருக்கு நீராவியை விட வேண்டும்; திறந்திருக்கும் வடிகுழாய்களிலிருந்து நீராவி பக்கவாட்டில் பல அடி பாயும். அடிநீர் வெளியேற்றத்தைக் கூட்டமில்லாத இடத்தில் மட்டும் செய்யலாம்.

புகைப்படக்காரர்களுக்காக ரயிலைப் பின்னோக்கிக் கொண்டுபோய் மீண்டும் அவர்கள் முன்னால் ஓட்டிக்காட்டும் வழக்கம் இருக்கிறது. அப்போது கருகருவென்று புகை வேண்டும் என்று கேட்பார்கள். கரும்புகை என்பது எரியாத கரி; அது குழாய்களில் புகைக்கரியாகப் படிந்து வெப்பத்தைத் தடுக்கும். எண்ணெய் எரிக்கும் எஞ்சின்களில் நெருப்புப்பெட்டிக்குள் மணலைத் தூவி இந்தப் படிவை இழுத்தெடுப்பார்கள். ஓரிரு காட்சிக்குச் சற்றுப் புகை கொடுப்பதில் குடிமுழுகிப்போவதில்லை. நாள் முழுவதும் கொடுப்பது எஞ்சினை விற்றுப் படமெடுப்பதாகும். ஜூலையில் தண்டவாளத்தை ஒட்டிய புல் காய்ந்திருக்கும் என்பதால், ஓட்டத்துக்குப் பின்னால் தண்ணீரோடு ஒரு சிறு ரயில்வண்டி தொடர்வது கட்டாயம்.

மாலையில் கூட்டம் கலைந்ததும் நெருப்பை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போவது எளிது. ஆனால் முன்பு சொன்ன வெப்பச் சுற்றுகளைத் தவிர்க்க, தட்டியைச் சுத்தம் செய்து, நெருப்பைப் பின்புறமாக ஒதுக்கிக் கரியால் மூடி, நீரைக் கண்ணாடியின் மேல்பகுதிவரை ஏற்றி, டேம்பர்களை அடைத்துப் புகைபோக்கிக்கு மூடி போட்டு, இரவு முழுவதும் ஒருவர் காவலிருக்கச் செய்ய வேண்டும். அந்தக் காவலர் புதியவராக இருக்கக் கூடாது. பகலில் ஓட்டியவர்கள் தூங்கட்டும்; இரவுக்கெனத் தனி ஆளைப் பணியமர்த்துங்கள்.

அணைத்த பிறகு

கடைசி நாளில் நெருப்பை இறக்கிய கையோடு கதவைத் திறந்து குளிர்காற்றை உள்ளே விடாதீர்கள். எல்லாத் திறப்புகளையும் மூடிவிட்டு, கொதிகலன் தானாகக் குளிர இரண்டு மூன்று நாள் விடுங்கள். அழுத்தத்தோடு இருக்கும்போதே நீரை வடித்தால் உள்ளே இருக்கும் சேறு தகட்டின் சூட்டில் சுட்டு ஒட்டிக்கொள்ளும். கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் வடித்து, சேறு ஈரமாக இருக்கும்போதே கழுவுதுளை அடைப்பான்களைத் திறந்து, மேல்தகட்டில் தொடங்கி, நெருப்புப்பெட்டியின் அடியைச் சுற்றிச் செல்லும் அடிவளையத்தின் மூலைகள்வரை குழாய்நீரைப் பீய்ச்சிக் கழுவ வேண்டும். அடிவளையத்திலிருந்து வெளிவருவதை ஒரு வாளியில் பிடித்துப் பாருங்கள்: மெல்லிய சேறாக இருந்தால் நீர்ப்பண்டுவம் சரி, தகடு தகடாகக் கெட்டிப் படிவு வந்தால் மருந்தளவை மாற்ற வேண்டும், சிவந்த துருத்தூள் வந்தால் ஆக்சிஜன் எங்கோ புகுகிறது.

வெளிப்புறச் சாம்பலைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கரியில் உள்ள கந்தகம் சாம்பலில் தங்கி, குளிர்கால ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகித் தகட்டைத் தின்னும். நெருப்புப்பெட்டி, சாம்பல்தட்டு, புகைப்பெட்டி ஆகிய மூன்றையும் சுரண்டி, துடைத்து, உலரவைத்து விடுவதற்கு ஒரு முழு நாள் வேண்டும். குழாய்களைத் தூரிகையால் ஒவ்வொன்றாக இழுக்க இன்னொரு நாள்.

மிச்சிகன் குளிரில் ஒரு கிண்ணம் நீர் எங்கே தங்கினாலும் அங்கே வார்ப்பிரும்பு பிளக்கும். இன்ஜெக்டர்கள், அவற்றின் தடைவால்வுகள், காற்றமுக்கி, எண்ணெயூட்டிகள், அழுத்தமானிக்குப் போகும் வளைகுழாய், டெண்டரின் வடிகட்டி என்று வரிசையாக எழுதிய பட்டியலோடு அழுத்தக் காற்றை ஊதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே பெயரெழுத்து இட வேண்டும். கொதிகலனுக்குள் சூடான காற்றைச் செலுத்தி முற்றிலும் உலர்த்திய பின், ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் நிரப்பிய தட்டுகளை உள்ளே வைத்து, அடைப்பான்களைக் கையிறுக்கமாக மூடி, எத்தனை தட்டுகள் எந்தத் துளை வழியாக உள்ளே போயின என்ற அட்டையைக் கேபினில் நெருப்புக் கதவின் மேல் கட்டித் தொங்கவிடுங்கள். வசந்தத்தில் நீர் நிரப்புகிறவர் அத்தனையையும் எண்ணி வெளியே எடுத்த பிறகே குழாயைத் திறக்கலாம். இடையில் மாதம் ஒருமுறை ஓர் அடைப்பானைத் திறந்து ஜெல்லின் நிறம் பார்த்து, ஈரம் ஏறியிருந்தால் மாற்றுங்கள். அதே நாளில் எஞ்சினைச் சில அடி நகர்த்தி நிறுத்தினால் அச்சுகள் ஒரே புள்ளியில் எடையைத் தாங்கி நிற்பதும், அந்த இடத்தில் எண்ணெய்ப்படலம் வற்றுவதும் தவிரும்.